வங்கதேச வீட்டுக் குளங்களில் மீன் வளர்ப்பு: கெண்டையும் திலேப்பியாவும் போதுமா, சிறுமீனும் விடலாமா?

கதிர்_சத்துணவு:

அனைவருக்கும் வணக்கம். ஒரு திட்ட அறிக்கைக்காக உங்கள் உதவி தேவை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சத்துணவியல் படித்தவன். மீன் வளர்ப்பு எனக்குப் புதிது. வங்கதேசத்தின் வடக்கே, ரங்பூர், தினாஜ்பூர் பக்கம், வீட்டை ஒட்டிக் குளம் வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மீன் குஞ்சும் பயிற்சியும் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் திட்டமிடுகிறது. அந்த அறிக்கையில் சத்துணவுப் பகுதி என் பொறுப்பு. மீன்வளப் பகுதியை எழுதியவர்கள் ரோகு, கட்லா, வெள்ளிக்கெண்டை என்ற கெண்டை வகைகள், அதோடு வேகமாக வளரும்படி மேம்படுத்திய கிஃப்ட் திலேப்பியா என்று முடிவு செய்துவிட்டார்கள். குளத்துக்கு இத்தனை கிலோ என்பதுதான் இலக்கு. சத்துணவைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: மீன் உற்பத்தி கூடுவதால் தாய்மார்கள், குழந்தைகளின் சத்துக் குறைபாடு குறையும்.

அந்த வரியை அப்படியே விட எனக்கு மனம் ஒப்பவில்லை. மோலா என்ற சிறுமீனைக் கெண்டையோடு சேர்த்து வளர்க்கும் ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். அதைச் சேர்க்கலாமே என்று கேட்டதற்கு, சிறுமீன் இருந்தால் கெண்டைக்குப் போட்ட தீவனத்தைத் தின்றுவிடும், குளத்தைத் தயார் செய்யும்போதே அதையெல்லாம் ஒழிப்பதுதான் முறை என்றார் மூத்தவர் ஒருவர். அவர் சொல்வது சரியா? மோலா சேர்த்தால் கெண்டை விளைச்சல் குறையுமா? குழந்தைகளுக்கு உண்மையிலேயே பலன் கிடைக்குமா? கிலோவை விட்டுவிட்டு வேறு எதை அளக்கலாம்? களத்தில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

குளக்கரை:

தம்பி கதிர், நல்ல இடத்தில் நிறுத்திக் கேட்டிருக்கிறீர்கள். நான் மீன்வள விரிவாக்கப் பணியில் பல வருடம் இருந்தவள். அதில் பெரும்பகுதி நீங்கள் சொல்லும் அதே வட்டாரத்தில், பெண்கள் குழுக்களோடு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரி. மீன் கூடினால் சத்து கூடும் என்பது தானாக நடக்கிற காரியம் இல்லை. இதற்கு வங்கதேசத்திலேயே சான்று இருக்கிறது. 1991 முதல் 2010 வரையிலான குடும்ப நுகர்வுக் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் மக்கள் சாப்பிட்ட மீனின் அளவு சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் மீன் வழியாகக் கிடைத்த இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்திருந்தன. ஆற்றிலும் பில் என்னும் தாழ்நில நீர்நிலைகளிலும் வயலிலும் பிடித்த சிறுமீன்களின் இடத்தைக் குளத்துக் கெண்டையும் பங்காஸ் கெளுத்தியும் திலேப்பியாவும் பிடித்துக்கொண்டதுதான் காரணம். உங்கள் அறிக்கையில் முதல் பத்தியாக இதை வையுங்கள். கிலோ மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கணக்கு இது.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால், விஷயம் மீனை எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. ரோகுவில் நாம் தின்பது சதையை. முள்ளை ஒதுக்கிவிடுகிறோம், குடலை எடுத்துவிடுகிறோம். மோலா விரல் நீளம்தான் இருக்கும். அதைத் தலையோடு, முள்ளோடு, கண்ணோடு முழுசாகத் தின்கிறார்கள். கால்சியம் முள்ளில் இருக்கிறது. வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடல் பகுதியிலும் இருக்கிறது. மோலாவின் 100 கிராமில் வைட்டமின் ஏ 2,500 மைக்ரோகிராமுக்கு மேல். ரோகு, வெள்ளிக்கெண்டை மாதிரியான மீன்களின் சதையில் 30-ஐக்கூடத் தொடாது. சகுந்தலா தில்ஸ்டெட் என்ற விஞ்ஞானி 1980-களிலிருந்து வங்கதேசத்தில் இதன் பின்னால் அலைந்து, அளந்து, நிறுவினார். 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவர் ஆரம்பித்தபோது மீன்வளத் துறையில் இந்த மீன்களை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

உங்கள் மூத்தவர் சொன்னது பழைய பயிற்சிப் பாடம். நானும் அதைத்தான் படித்தேன். குளத்தில் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தைப் போட்டு இருக்கிற மீனை எல்லாம் கொன்றுவிட்டு, சுண்ணாம்பு போட்டு, உரம் போட்டு, அப்புறம் கெண்டைக் குஞ்சு விடுவது. விரால், வாளை மாதிரி குஞ்சைத் தின்னும் மீன்களை எடுக்க வேண்டியதுதான். அதற்கு மருந்து தேவையில்லை. கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது வலையைத் திரும்பத் திரும்ப இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மருந்து போட்டால் விராலோடு சேர்ந்து அந்த வீட்டுக் குழந்தை அதுவரை தின்றுகொண்டிருந்த மீனும் செத்துப்போகிறது. மீன் வளர்ப்புத் திட்டம் என்ற பெயரில் உள்ளே போய் நாம் செய்கிற முதல் வேலை அதுவாக இருக்கக்கூடாது. இதில் நான் கறாராகவே இருப்பேன்.

கெண்டை விளைச்சல் குறையுமா என்று கேட்டீர்கள். ஹெக்டேருக்கு 10,000 கெண்டைக் குஞ்சும் 25,000 மோலாவும் என்ற கணக்கில் சோதனைகள் நடந்திருக்கின்றன. மோலா சேர்ந்ததால் கெண்டையின் மொத்த விளைச்சல் பெரிதாக அடிவாங்கவில்லை. மோலா நீரில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று வாழும் மீன். தவிடு, புண்ணாக்குக்குப் போட்டி போடுவது கொஞ்சம்தான். ஆனால் வெள்ளிக்கெண்டையின் உணவும் அதே பாசிதான். அதனால் உங்கள் பட்டியலில் வெள்ளிக்கெண்டையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் இருந்திருந்தால் பாதியாக்கியிருப்பேன்.

இன்னொன்று. மோலா குளத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவைகூட இனப்பெருக்கம் செய்யும். கெண்டைக் குஞ்சை வருடா வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஏனென்றால் தேங்கிய நீரில் அது முட்டையிடாது. மோலாவை ஒரு தடவை நல்லபடியாகக் குளத்தில் சேர்த்துவிட்டால், கோடையில் குளம் அடியோடு வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏழைக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

---

தலைமுறை_தேர்வு:

குளக்கரை அம்மா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் திலேப்பியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் மீன் இன மேம்பாட்டில் வேலை செய்தவன்.

கிஃப்ட் என்றதும் மரபணு மாற்றம் செய்த மீன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது பாரம்பரியத் தேர்வு முறையில் வந்தது. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை. அதை நடத்திய சர்வதேச மீன் ஆய்வு நிறுவனத்துக்கு இக்லார்ம் என்று அப்போது பெயர், இன்றைக்கு வேர்ல்டுஃபிஷ். நார்வேயின் மீன் வளர்ப்பு ஆய்வு நிறுவனமான அக்வாஃபோர்ஸ்க்கும் பிலிப்பைன்ஸ் நிறுவனங்களும் கூட்டு. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து காட்டு நைல் திலேப்பியாவைக் கொண்டுவந்து, ஆசியாவில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த ரகங்களோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளரும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்கு 12 முதல் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. சால்மனுக்கு நார்வேயில் செய்ததை ஏழைகள் தின்னும் மீனுக்கும் செய்ய முடியும் என்று அது காட்டியது. புவனேஸ்வரில் இந்திய நன்னீர் மீன்வள ஆய்வு நிறுவனம் அதே நார்வே நிறுவனத்தோடு சேர்ந்து 1992-இல் ரோகுவில் தொடங்கிய வேலைதான் ஜெயந்தி ரோகு. அதிலும் தலைமுறைக்கு 17 சதவீதம் அளவுக்குப் பலன் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வருமானத்தை ஒதுக்கிவிட்டுச் சத்தை மட்டும் பேச முடியாது. மூன்று நான்கு மாதம் மட்டும் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள் வங்கதேசத்தில் ஏராளம். அங்கே ரோகுவுக்கு நேரம் போதாது. திலேப்பியாவும் சர்புட்டி என்ற மீனும் அந்த இடைவெளியில் சாப்பிடும் அளவுக்கு வளர்ந்துவிடும். மீன்வள விஞ்ஞானி மொடடுகு விஜய் குப்தா 1980-களின் பிற்பாதியில் அங்கே போய் இதைத்தான் செய்து காட்டினார். சாலையோரப் பள்ளத்திலும் வீட்டுப் பள்ளத்திலும், நிலமே இல்லாத குடும்பத்துப் பெண்களைக் கொண்டு. 2005-இன் உலக உணவுப் பரிசு அவருக்கு. மீனை விற்ற காசில் முட்டை வாங்கலாம், பருப்பு வாங்கலாம், மருத்துவச் செலவு பார்க்கலாம். அதனால் திலேப்பியாவை வெட்டிவிடாதீர்கள்.

---

குளக்கரை:

வெட்டச் சொல்லவில்லை சார். இரண்டும் வேண்டும். குப்தா சாரின் வேலையைப் பார்த்துத்தான் எங்களில் பலர் வீட்டுப் பள்ளத்தை மதிக்கவே கற்றுக்கொண்டோம்.

ஆனால் விற்ற காசில் முட்டை வாங்குவார்கள் என்பதில் ஒரு கேள்வி இருக்கிறது: காசு யார் கையில் இருக்கிறது? பெரிய மீனை வலை போட்டுப் பிடிப்பதும் சந்தைக்குக் கொண்டுபோவதும் ஆண்கள். காசும் அங்கேயே நின்றுவிடுவது உண்டு. சிறுமீன் அப்படி இல்லை. ஒரு கிண்ணம் மோலாவை யாரும் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் போட்டு வீட்டு அடுப்புக்குத்தான் போகும். பெரிய மீன் வந்தால் நடுத்துண்டு யாருக்கு, தலை யாருக்கு என்று வீட்டில் ஒரு வரிசை இருக்கிறது. மருமகள் கடைசி. சிறுமீன் குழம்பைக் கரண்டியால்தான் பரிமாற முடியும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஓரளவு பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதை நான் பல வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

---

ஆய்வுக்கூடம்_பானு:

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் உயிர்வேதியியல் பக்கம். மோலாவின் வைட்டமின் ஏ எண்ணை அப்படியே பெருக்கி, இத்தனை குழந்தைகளின் குறைபாடு தீரும் என்று எழுதிவிடாதீர்கள்.

வங்கதேசத்தில் 40 லட்சம் சிறு குளங்களில் குளத்துக்கு வருடம் 10 கிலோ மோலா விளைந்தால் 60 லட்சம் குழந்தைகளுக்குத் தேவையான வைட்டமின் ஏ கிடைக்கும் என்ற ஒரு கணக்கு நிறைய இடங்களில் எடுத்தாளப்படுகிறது. அது உற்பத்தியை வைத்துப் போட்ட சாத்தியக் கணக்கு. குழந்தையின் உடம்பில் அளந்து வந்த முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மோலாவில் இருப்பதில் பெரும்பகுதி டிஹைட்ரோரெட்டினால் என்ற வடிவம். அதன் செயல்திறன் வைட்டமின் ஏ-யின் வழக்கமான வடிவமான ரெட்டினாலில் 40 சதவீதம் அளவுதான் என்று கணக்கில் வைப்பார்கள். 2008-இல் வெளிவந்த ஒரு சோதனையில், வைட்டமின் ஏ நிலை சுமாராக இருந்த 3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பது வாரம் மோலாக் குழம்பு கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் ரெட்டினால் எதிர்பார்த்த மாதிரி உயரவில்லை. அந்தச் சோதனையைச் செய்தவர்களில் தில்ஸ்டெட்டும் ஒருவர். தான் நம்பிய மீனைத் தானே சோதனைக்கு உட்படுத்தி, சாதகமாக வராத முடிவையும் வெளியிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

அதற்காக மோலாவால் பயனில்லை என்று யாரும் தாவிவிட வேண்டாம். கால்சியம் விஷயத்தில் சான்று பலமானது. முள்ளோடு தின்ற சிறுமீனிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் கால்சியம் பாலிலிருந்து எடுத்துக்கொள்வதற்கு ஈடாக இருந்தது என்று 1998-இல் காட்டியிருக்கிறார்கள். பால் வாங்க வழியில்லாத வீட்டில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பி12 இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது. சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள மீன் உதவுகிறது. ஆகவே ஒரு சத்தின் மேல் மட்டும் முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள், கதிர்.

---

கதிர்_சத்துணவு:

பானு அக்கா, இதைச் சொன்னதற்கு மிகவும் நன்றி. அந்த 60 லட்சம் குழந்தைகள் கணக்கை என் வரைவில் எழுதியே வைத்திருந்தேன்.

குளக்கரை அக்கா, நடைமுறையில் இரண்டு சந்தேகம். மோலாவை எங்கே வாங்குவது, எப்படிக் குளத்தில் சேர்ப்பது? அப்புறம், பெண்கள் தாங்களே பிடிப்பதற்கு என்ன வழி? வீச்சு வலை போடுவது அங்கே ஆண்கள் வேலை என்கிறார்களே?

---

குளக்கரை:

மோலாவைக் கொண்டுவருவதுதான் இதில் கஷ்டமான கட்டம். அது தொட்டாலே சாகிற மீன். செதில் உதிர்ந்துவிடும், நடுங்கிச் செத்துவிடும். கெண்டைக் குஞ்சைப் பையில் அடைத்துக்கொண்டு போகிற மாதிரி கொண்டுபோக முடியாது. சினை மீனாகத்தான் பெரும்பாலும் குளத்திலிருந்து குளத்துக்கு மாற்றுகிறோம். எனவே பக்கத்து ஊரிலேயே ஒன்றிரண்டு குளங்களைத் தாய்க் குளமாகத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான கண்ணியுள்ள வலையை மெதுவாக இழுத்து, மீனைக் கையில் எடுக்காமல் நீரோடு சேர்த்து மொண்டு, கொஞ்ச நேரம் துணித்தொட்டியில் விட்டு அடங்கவிட்டு, வெயில் தாழ்ந்தபின் ஏற்றுங்கள். டிரம்மில் காற்று விட்டுக்கொண்டே போக வேண்டும். கூட்டமாக அடைக்காதீர்கள். குளத்தில் விடும்போது டிரம் நீரையும் குளத்து நீரையும் கலந்து கலந்து பழக்கிவிட்டு, அதுவாக நீந்திப் போகட்டும் என்று விடுங்கள். திட்டத்தில் இதற்குத் தனியாகப் பணமும் ஆளும் ஒதுக்குங்கள். இதை யாரும் ஒதுக்குவதில்லை. அப்புறம் மோலா பிழைக்கவில்லை, மக்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

எப்போது விடுவது என்றால், முதல் மழைக்கு முன்னாலோ மழை தொடங்கும்போதோ. அந்த மழையிலேயே அது பெருக ஆரம்பித்துவிடும். ஓரிரு மாதத்தில் பிடிக்கத் தொடங்கலாம், தொடங்கியே ஆக வேண்டும். மோலாவைப் பிடிக்காமல் விட்டால் நெருக்கடியாகி வளர்ச்சி நின்றுபோகும், கெண்டைக்கும் தொல்லை. வாரம் ஒரு முறையோ இரு முறையோ சமையலுக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டே இருந்தால் குளத்துக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. கெண்டைத் திட்டங்களில் வருடக் கடைசியில் மொத்தமாக அறுவடை செய்யப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் சிறுமீனுக்கு ஒத்துவராது. பயிற்சியில் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

வலை பற்றிக் கேட்டீர்கள். வீச்சு வலை வீசக் குளத்தில் இறங்க வேண்டும், சேலையோடு இடுப்பளவு நீரில் நிற்பதை அங்கே பெண்கள் விரும்புவதில்லை, வீட்டாரும் விடுவதில்லை. மகனோ கணவரோ வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இதற்குச் சின்னக் கண்ணியுள்ள செவுள் வலை கைகொடுத்தது. குளத்தின் குறுக்கே இரண்டு கரையிலும் கட்டிவிட்டால் போதும். மீன் தானாக வந்து மாட்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கரையிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். வேர்ல்டுஃபிஷ் ஆட்கள் தெற்கு மாவட்டங்களில் பெண்களோடு சேர்ந்து இப்படிச் சோதித்தார்கள். நாங்கள் வடக்கே முயன்றபோதும் வரவேற்பு இருந்தது. ஒரு பெண் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "இப்போ உலை வச்சிட்டு மீன் பிடிக்கப் போறேன், முன்னே மீன் வருமான்னு தெரிஞ்சப்புறம்தான் உலையே வைப்பேன்." குஞ்சு விலையோடு ஒப்பிட்டால் இந்த வலை பெரிய செலவில்லை. உங்கள் வரவு செலவில் முதல் பொருளாக எழுதுங்கள்.

குளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் வீட்டுக் குளம் என்பது பெரும்பாலும் வீட்டு மேடு போட மண் எடுத்த பள்ளம். சுற்றிலும் மூங்கிலும் மரமும் நிழல் கட்டும். நிழல் விழுந்தால் பாசி வராது, பாசி இல்லாவிட்டால் மோலாவுக்குச் சாப்பாடு இல்லை. தெற்குப் பக்கக் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடச் சொன்னாலே வித்தியாசம் தெரியும். ஆனால் மரம் மாமனாருடையதாக இருக்கும், குளம் மூன்று சகோதரர்களுக்குப் பொதுவாக இருக்கும். யார் குஞ்சு விடுவது, யார் பிடிப்பது என்று குடும்பத்துக்குள் பேசித் தீர்க்காமல் எந்தத் திட்டமும் இரண்டாம் வருடத்தைத் தாண்டாது. அதே குளத்தில்தான் பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும். சாணத்தை அள்ளிக் கொட்டச் சொன்னால் பெண்கள்தான் முதலில் எதிர்ப்பார்கள். அவர்கள் எதிர்ப்பது நியாயம். உர அளவை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

---

ஜாம்பேசி_கரை:

ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. மலாவியில் 1980-களின் பிற்பாதியிலிருந்து டொமாசி என்ற ஊரை மையமாக வைத்து இக்லார்ம் செய்த வேலையைப் படித்துப் பாருங்கள். அங்கே வாங்கித் தீவனம் போட வழியில்லாத சிறு விவசாயிகள். மக்காச்சோளத் தவிடும் களைச்செடியும் குளத்துக்குப் போகும், குளத்துச் சேறும் நீரும் காய்கறிப் பாத்திக்கு வரும். மழை பொய்த்த வருடத்தில் குளம் வற்றினாலும் அடியில் நின்ற ஈரத்தில் காய்கறி எடுத்தார்கள். அந்த வருடம் மீன் விளைச்சலை மட்டும் கணக்கெடுத்தவருக்குத் தோல்வி என்றுதான் தெரிந்திருக்கும்.

ஜாம்பியாவின் பரோட்சே வெள்ளச் சமவெளியில் உப்பிடுதல், சூரியக் கூடார உலர்த்தி இவற்றை ஆய்வாகச் செய்தார்கள். பிடித்த மீனில் கெட்டுப்போவதைக் குறைப்பதும் மீன் உற்பத்திதானே? உங்கள் பக்கமும் மழை முடிந்து மோலா நிறைய கிடைக்கும்போது காயவைத்துப் பொடியாக்கி வைத்தால், குளம் வற்றும் மாதங்களில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் கஞ்சியில் ஒரு கரண்டி கலக்கலாம். வீட்டிலேயே காயவையுங்கள். வெளியே விற்கும் கருவாட்டில் பூச்சி மருந்து தெளிக்கும் தொல்லை உண்டு.

---

கதிர்_சத்துணவு:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கே அறிக்கையைத் திருத்தப் போகிறேன். திலேப்பியா, கெண்டையோடு மோலாவும், மருந்தில்லாத குளத் தயாரிப்பும், பெண்களுக்கு வலையும் என்று. கடைசியாக அளவீடு. கிலோவுக்குப் பதில் எதை எழுதுவது? தலைமை கேட்டால் சொல்வதற்கு எளிமையாக ஏதாவது வேண்டும்.

---

ஆய்வுக்கூடம்_பானு:

இரத்தப் பரிசோதனை எல்லாம் இந்த அளவுத் திட்டத்துக்கு வேண்டாம், கதிர். செலவும் அதிகம், முடிவும் குழப்பும். பெண்களுக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் முந்தைய 24 மணி நேரத்தில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கும் உணவு வகைக் கணக்கு போதும். பெண்களுக்குப் பத்து உணவு வகையில் குறைந்தது ஐந்து இருந்ததா என்று பார்ப்பார்கள், உங்களுக்கே தெரிந்ததுதான். அதில் மீன் என்று ஒரே பெட்டியாக வைக்காமல், பெரிய மீனின் துண்டு, முழுசாகத் தின்ற சிறுமீன் என்று இரண்டாகப் பிரியுங்கள். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

---

குளக்கரை:

பானு சொன்னது சரி. என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். கணக்கெடுப்பை மழை முடிந்த காலத்தில் மட்டும் எடுக்காதீர்கள். அப்போது வயலிலும் வாய்க்காலிலும் மீன் மலிந்திருக்கும், எல்லா வீட்டிலும் எல்லாரும் மீன் தின்றிருப்பார்கள். திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியாது. சைத்ர மாதத்தில், அதாவது மார்ச் ஏப்ரலில், தண்ணீர் இறங்கிய சமயத்தில் ஒரு முறை கட்டாயம் எடுங்கள். குளத்தின் ஒரு மூலையை ஆழப்படுத்தி மோலாவைக் காப்பாற்றி வைத்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

கேள்வியைக் குடும்பத் தலைவரிடம் கேட்காதீர்கள். அவர் குளத்து மீன் எத்தனை கிலோ விற்றது என்று சரியாகச் சொல்வார், நேற்றைக்குக் குழந்தை என்ன தின்றது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கணக்கெடுக்கப் பெண்களை அனுப்புங்கள், பிற்பகலில், சமையல் வேலை முடிந்து அவர்கள் உட்காரும் நேரத்தில். நேற்றுக் குளத்தில் மீன் பிடித்தது யார், எதை விற்றீர்கள், எதைச் சமைத்தீர்கள், கடைசியில் சாப்பிட்டவருக்கு என்ன மிஞ்சியது என்று அந்த நாலு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய வரைவை இங்கே போடுங்கள் தம்பி. வலைக் கண்ணி அளவு, குஞ்சு எண்ணிக்கை எல்லாம் வரிக்கு வரி பார்த்துச் சொல்கிறேன்.